அத்தியாயம் 9: வரோவா உண்ணியைத் தாங்கும் தேனீ இனத்தை உருவாக்குதல்

இத்தாலியத் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் அநேகமாக எல்லாரிடமும் வரோவா உண்ணி இருக்கும். அதைத் தேடிப் பார்த்தவருக்குத் தெரியும், பார்க்காதவருக்குத் தெரியாது. மருந்து கொடுத்து உண்ணியைக் குறைக்கும் முறைகளை முந்தைய அத்தியாயத்தில் பார்த்தோம். மருந்து அந்தப் பருவத்துக்குக் கூட்டத்தைக் காப்பாற்றும். அடுத்த பருவத்தில் உண்ணி மறுபடி பெருகும், மருந்தும் மறுபடி வேண்டும். காலப்போக்கில் உண்ணி மருந்துக்குப் பழகிவிடுவதும் உண்டு. ஃப்ளூவாலினேட் பட்டைகள் 1990களில் முதலில் இத்தாலியிலும் பின்னர் அமெரிக்காவிலும் பயனற்றுப் போனது இப்படித்தான்.

இந்த அத்தியாயம் சொல்வது நீண்ட கால வழி. உண்ணியை எதிர்க்கும் திறன் தேனீக்களின் நடத்தையில் இருக்கிறது. அந்த நடத்தையை நம்மால் அளக்க முடியும். அளந்து பார்த்துச் சிறந்த கூட்டங்களைத் தேர்ந்தெடுக்க முடியும். தேர்ந்தெடுத்த குணத்தை ராணி வழியாகவும் ஆண் தேனீ வழியாகவும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்ல முடியும். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் உழைப்பு வீணாகும்.

உண்ணி எங்கே பெருகுகிறது?

வரோவா உண்ணி செம்பழுப்பு நிறம் கொண்டது. சுமார் 1.1 மி.மீ. நீளமும் 1.6 மி.மீ. அகலமும் இருக்கும். வளர்ந்த தேனீயின் வயிற்றுத் தகடுகளுக்கு இடையே ஒட்டிக்கொண்டு அதன் கொழுப்புத் திசுவை உண்கிறது. சிறகுகளைச் சிதைக்கும் வைரஸையும் பரப்புகிறது. ஆனால் அது முட்டையிடுவது வளர்ந்த தேனீயின் மேல் இல்லை, மெழுகு மூடியிட்ட புழு அறைக்குள்தான்.

புழு அறை மூடப்படுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே நுழைகிறது. மூடிய பிறகு ஏறத்தாழ மூன்று நாளில் முதல் முட்டையிடுகிறது, அதிலிருந்து ஆண் உண்ணி பிறக்கிறது. அதன்பின் சுமார் 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகளை இடுகிறது. அறைக்குள்ளேயே அந்த ஆண் உண்ணி தன் சகோதரிகளுடன் இணைகிறது. தேனீ வெளிவரும்போது தாயும் முதிர்ந்த மகள்களும் வெளியே வருகின்றன. ஆண் உண்ணியும் முதிராத மகள்களும் அங்கேயே இறக்கின்றன.

பணித் தேனீயின் அறை சுமார் 12 நாளும் ஆண் தேனீயின் அறை 14 முதல் 15 நாளும் மூடியிருக்கும். அதனால் ஆண் அறையில் அதிக மகள்கள் முதிர்கின்றன. உண்ணியும் ஆண் அறையையே பல மடங்கு அதிகமாகத் தேடிப் போகிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் இரண்டு இடங்களில் உதவும்.

உண்ணியின் இனப்பெருக்கம் முழுவதும் மூடியின் அடியில், குறிப்பிட்ட நாள் கணக்கில் நடக்கிறது. அந்த மூடியை இடையில் திறக்கும் தேனீ உண்ணியின் குடும்பத்தைக் கலைத்துவிடுகிறது. நாம் தேடுவது அந்தத் தேனீயைத்தான்.

நம் அடுக்குத் தேனீயின் பாடம்

வரோவாவின் பழைய இருப்பிடம் ஆசியாவின் ஏபிஸ் செரானா இனம். மார்த்தாண்டம் வட்டாரத்தில் தலைமுறைகளாகப் பெட்டியில் வளர்க்கப்படும் இந்தியத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ, அந்த இனத்தைச் சேர்ந்தது. செரானாவில் உண்ணி ஆண் அறைகளில் மட்டுமே வெற்றிகரமாகப் பெருகுகிறது. பணித் தேனீயின் அறைக்குள் உண்ணி புகுந்தால் அந்தப் புழு விரைவில் நலிந்துவிடும். மற்றத் தேனீக்கள் அதைக் கண்டுபிடித்து உண்ணியோடு சேர்த்து அகற்றிவிடும். உண்ணி மிகுந்து வலுவிழந்த ஆண் தேனீ தன் மூடியைத் திறந்து வெளியே வர முடியாமல் அறைக்குள்ளேயே இறக்கும், உண்ணிகளும் அதனுடன் புதைந்துபோகும்.

செரானாவையும் இத்தாலியத் தேனீயையும் கலப்பினம் செய்ய முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. அவை வெவ்வேறு இனங்கள், கலந்து வாரிசு தராது. செரானாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: எந்தக் குணத்தைத் தேட வேண்டும் என்ற அறிவு.

தேட வேண்டிய குணங்கள்

*துப்புரவுக் குணம்.* இறந்த அல்லது நோயுற்ற புழுவை மூடி திறந்து அகற்றும் பழக்கம் இது. 1960களில் அமெரிக்காவின் ராத்தன்புஹ்லர் இது பரம்பரைக் குணம் என்று காட்டினார். பின்னர் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மார்லா ஸ்பிவாக்கும் கேரி ரியூட்டரும் இதையே அளவுகோலாக வைத்து ஓர் இனத்தை உருவாக்கினார்கள். புழு அழுகல் நோய்க்கும் சுண்ணாம்புப் புழு நோய்க்கும் இது நல்ல தடுப்பு. உண்ணிக்கு எதிராக ஓரளவு உதவும்.

*உண்ணியை உணர்ந்து அகற்றும் குணம்.* உயிருள்ள புழுவின் அறையில் உண்ணி பெருகுவதை மூடிக்கு வெளியிலிருந்தே உணர்ந்து திறந்து அகற்றுவது இது. லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் ஜான் ஹார்போவும் ஜெஃப்ரி ஹாரிஸும் 1990களில் இந்தக் குணம் கொண்ட தேனீக்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். அவர்களின் சிறந்த கூட்டங்களில் எஞ்சிய உண்ணிகளில் பல, முட்டையிடாதவையாக இருந்தன. தேனீயிடம் உள்ள ஏதோ ஒன்று உண்ணியை மலடாக்குகிறது என்றே முதலில் கருதப்பட்டது. உண்மை வேறாக இருந்தது. முட்டையிட்ட உண்ணிகள் இருந்த புழுக்களைத் தேனீக்கள் ஏற்கெனவே அகற்றியிருந்தன, முட்டையிடாதவை மட்டுமே மிஞ்சியிருந்தன. நமக்கு உள்ள மிகச் சிறந்த குணம் இதுவே. வேறு இன ஆண் தேனீக்களுடன் கலந்தாலும் இதன் பயன் ஓரளவு நிலைக்கிறது.

*மூடி திறந்து மீண்டும் மூடும் குணம்.* புழுவை அகற்றாமல், மூடியில் துளையிட்டுப் பார்த்து மறுபடி மெழுகால் அடைப்பது. நார்வே, ஸ்வீடன், பிரான்ஸ் நாடுகளில் மருந்தின்றி உயிர் வாழும் கூட்டங்களில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. புழுவும் பிழைக்கிறது, உண்ணியின் பெருக்கமும் தடைபடுகிறது.

*உண்ணியைக் கடித்து உதறும் குணம்.* தன் மேலோ மற்றத் தேனீயின் மேலோ இருக்கும் உண்ணியைத் தாடையால் கடித்து வீழ்த்துவது. இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இதற்காகத் தனித் தேர்வு நடந்தது. அடித்தட்டில் விழும் உண்ணிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கால் ஒடிந்தவை எத்தனை என்று எண்ணலாம்.

மருந்தை நிறுத்திவிட்டால் போதுமா?

ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவில் இங்கெமார் ஃப்ரீஸும் உடனிருந்த ஆய்வாளர்களும் 1999இல் 150 கூட்டங்களை மருந்தின்றி விட்டுப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலானவை அழிந்தன. சிறு எண்ணிக்கையில் தப்பியவை இன்றும் மருந்தின்றி வாழும் வழித்தோன்றல்களைத் தந்தன. ஆனால் அந்தக் கூட்டங்கள் அளவில் சிறியவை.

ஆய்வுக்கு இது அரிய வெற்றி. முப்பது நாற்பது பெட்டிகளை நம்பிக் குடும்பம் நடத்துபவர் இதைப் பின்பற்றக் கூடாது. பெரும்பாலான பெட்டிகளை இழக்க அவரால் முடியாது. அழியும் பெட்டியில் கொள்ளையடிக்க வரும் தேனீக்கள் அங்குள்ள உண்ணியைப் பக்கத்துப் பண்ணைகளுக்குச் சுமந்து போகும். வெறுமனே மருந்தை நிறுத்துவதை இனத் தேர்வு என்று சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே இனத் தேர்வு. பின்தங்கிய கூட்டத்தை மருந்து கொடுத்துக் காப்பாற்றுங்கள், அதன் ராணியை மட்டும் மாற்றுங்கள். கூட்டம் பிழைக்கும், அந்தப் பரம்பரை தொடராது.

படி 1: உண்ணியை எண்ணுங்கள்

அகன்ற வாய்க் கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்து, மூடியின் நடுப்பகுதியை வெட்டி 3 மி.மீ. கண் உள்ள கம்பி வலையைப் பொருத்துங்கள்.

புழு உள்ள சட்டம் ஒன்றை எடுத்து, அதில் ராணி இல்லை என்பதை இரு முறை பாருங்கள். தேனீக்களைத் தட்டில் உதறி, அரைக் கோப்பை, அதாவது சுமார் 120 மி.லி. அளவு அள்ளிப் பாட்டிலில் போடுங்கள். இது ஏறத்தாழ 300 தேனீ. இரண்டு மேசைக்கரண்டி நன்கு பொடித்த உலர்ந்த சர்க்கரையை வலை வழியே தூவிப் பாட்டிலை உருட்டுங்கள். இரண்டு நிமிடம் நிழலில் வைத்துவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்து வெள்ளைத் தட்டின் மேல் ஒரு நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றினால் சர்க்கரை கரையும், உண்ணிகள் மிதக்கும். எண்ணிய பின் தேனீக்களைப் பெட்டியிலேயே விடலாம்.

காற்றில் ஈரம் மிகுந்த நாளில் சர்க்கரை கட்டிபடும், உண்ணி குறைவாகவே உதிரும். தாய்ப் பெட்டியாகத் தேர்ந்தெடுக்கப் போகும் கூட்டத்துக்கு ஸ்பிரிட்டில் கழுவி எண்ணுவதே நம்பகமானது. அதில் 300 தேனீக்கள் இறக்கும். வலுவான கூட்டம் அந்த இழப்பைச் சில நாளில் ஈடுகட்டிவிடும்.

எண்ணிக்கையை 3ஆல் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை உண்ணி என்று கிடைக்கும். 300 தேனீயில் 6 உண்ணி என்றால் 2 சதவீதம். பொதுவாக 2 முதல் 3 சதவீதத்தைத் தாண்டினால் சிகிச்சை வேண்டும்.

ஒரே ஒரு எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அண்மையில் பிரித்த கூட்டத்திலும், ராணி சில வாரம் முட்டையிடாமல் இருந்த கூட்டத்திலும் உண்ணி இயல்பாகவே குறைவாக இருக்கும். எல்லாக் கூட்டங்களையும் ஒரே வாரத்தில் எண்ணுங்கள், மாதம் ஒரு முறை மீண்டும் எண்ணுங்கள். எந்தக் கூட்டத்தில் உண்ணி மெதுவாகப் பெருகுகிறது என்பதே நமக்கு வேண்டிய விடை. பெட்டிகளை நெருக்கி ஒரே வரிசையில் வைத்தால் தேனீக்கள் வழிதவறிப் பக்கத்துப் பெட்டியில் நுழைந்து கணக்கைக் குழப்பும். இடைவெளி விடுங்கள், வாயில்களை வெவ்வேறு திசைக்குத் திருப்புங்கள்.

எண்ணும்போது உண்ணியின் வடிவத்தையும் கவனியுங்கள். உடல் அகலத்தைவிட நீளமாக இருந்து, அடையின் மேல் வேகமாக ஓடினால் அது டிரோபிலாலாப்ஸ். மலைத் தேனீயிடமிருந்து வருவது. அதன் கணக்கை வரோவாவுடன் சேர்க்காதீர்கள்.

படி 2: துப்புரவுச் சோதனை

மின்னசோட்டாவில் திரவ நைட்ரஜனால் ஒரு வட்ட அடைப்பகுதியை உறைய வைத்துச் சோதித்தார்கள். நமக்கு மெல்லிய ஊசி போதும்.

மூடிய பணித் தேனீ அறைகள் இடைவெளியின்றி இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஓர் அறையைத் திறந்து பார்த்தால் கூட்டுப்புழுவின் உடல் வெள்ளையாகவும் கண் இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டும். பத்துக்குப் பத்தாக 100 அறைகளைக் குறித்து, ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஊசியைச் செலுத்திப் புழுவைக் குத்துங்கள். சட்டத்தின் மேல்கட்டையில் தேதியும் நேரமும் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து முழுமையாகக் காலியான அறைகளை எண்ணுங்கள். 95க்கு மேல் காலியாகியிருந்தால் சிறப்பு. இரண்டு வார இடைவெளியில் மறுபடி செய்து, இரண்டு முறையும் தேறிய கூட்டத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஊசிச் சோதனை இறந்த புழுவை அகற்றும் திறனைத்தான் காட்டும், உண்ணியை உணரும் திறனை நேரடியாகக் காட்டாது. ஆகவே இது வடிகட்டிதான். முடிவைச் சொல்ல வேண்டியது உண்ணிக் கணக்கு. இரண்டிலும் முன்னணியில் நிற்கும் கூட்டத்தில், பருவ இறுதியில் மூடிய அறைகள் சிலவற்றைத் திறந்து, உண்ணி இருந்த அறைகளில் குஞ்சு உண்ணிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாய் உண்ணி மட்டும் தனியே கிடக்கும் அறைகள் பலவாக இருந்தால் அது மிக நல்ல அறிகுறி.

படி 3: தாய்ப் பெட்டிகளைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் உண்ணிப் பெருக்கம், அடுத்துத் துப்புரவு, அதன்பின் தேன் மகசூல், சாந்த குணம் என்ற வரிசையில் மதிப்பிடுங்கள். தேனே சேர்க்காத கூட்டத்தை உண்ணி குறைவு என்பதற்காக மட்டும் தாயாக்க வேண்டாம்.

முதலிடம் பெற்ற ஒரே பெட்டியிலிருந்து எல்லா ராணிகளையும் வளர்க்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தேனீயின் பால் ஒரு மரபணு இடத்தில் தீர்மானமாகிறது. கருவுற்ற முட்டையில் அந்த இடத்தில் இரு வேறு வகைகள் சேர்ந்தால் பெண், ஒரே வகை இரட்டித்தால் பயனற்ற ஆண் புழு. அந்தப் புழு பொரித்த சில மணி நேரத்தில் பணித் தேனீக்கள் அதைத் தின்றுவிடும். நெருங்கிய உறவுக்குள் இனக்கலப்பு தொடர்ந்தால் அடையில் ஓட்டை ஓட்டையாக அறைகள் காலியாகும், கூட்டம் மெலியும். குறைந்தது ஐந்தாறு தாய்ப் பெட்டிகளையாவது வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, இதேபோல் எண்ணித் தேர்ந்தெடுக்கும் வேறொருவரிடமிருந்து ராணி வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஆண் தேனீயை மறக்காதீர்கள்

பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இங்கேதான். ராணி வானில் பறந்து பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களுடன் இணைகிறாள். அவை எந்தப் பண்ணையைச் சேர்ந்தவையோ, அவற்றின் குணம்தான் உங்கள் பணித் தேனீக்களில் பாதி.

ஆண் தேனீ கருவுறாத முட்டையில் பிறக்கிறது, அதற்குத் தந்தை இல்லை. எனவே தேர்ந்த ராணியின் மகன்கள், அவள் யாருடன் இணைந்திருந்தாலும், அவளுடைய பரம்பரையை மட்டுமே சுமக்கிறார்கள். இது சிறு வளர்ப்பாளருக்குக் கிடைத்த பெரும் வசதி. நம்பகமான தேர்வு இன ராணி ஒன்றை வாங்கி, முதல் ஆண்டு அவள் மகள்களை எல்லாப் பெட்டிகளிலும் ராணியாக்குங்கள். அவர்கள் எங்கே இணைந்தாலும் கவலையில்லை. அடுத்த ஆண்டு உங்கள் பண்ணையிலிருந்து பறக்கும் ஆண் தேனீக்கள் அனைத்தும் அந்த இனமாகவே இருக்கும்.

ஆண் தேனீ தரும் பெட்டிகளில் மெழுகுத் தாள் இல்லாத வெறும் சட்டத்தைப் புழு உள்ள சட்டங்களின் ஓரத்தில் வைத்தால் தேனீக்கள் அதில் ஆண் அடை கட்டும். உண்ணி ஆண் அறையைத் தேடி வரும் என்பதால், உண்ணி மிகக் குறைவான பெட்டிகளையே இதற்குப் பயன்படுத்துங்கள். தேர்வாகாத பெட்டிகளில் மூடிய ஆண் அடையை, தேனீ வெளிவருமுன் வெட்டி அகற்றுங்கள். அதனால் அங்குள்ள உண்ணியும் குறையும், வேண்டாத ஆண் தேனீக்களும் பறக்காது.

நாள் கணக்கு

ஆண் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 24 நாள், இனப்பெருக்கத்துக்கு முதிர மேலும் 12 முதல் 14 நாள் ஆகும். ராணி 16 நாளில் வெளிவருவாள். ஆகவே ஆண் பெட்டியில்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

- நாள் 1: ஆண் பெட்டிகளில் வெறும் சட்டம் வைத்தல். தேன் வரத்துக் குறைந்த காலமானால் சர்க்கரைப் பாகும் மகரந்தமும் கொடுத்தல்.
- நாள் 28: தாய்ப் பெட்டியிலிருந்து ஒரு நாளுக்கு உட்பட்ட புழுக்களை ராணிக் கிண்ணங்களுக்கு மாற்றுதல்.
- நாள் 38: முதிர்ந்த ராணி அறைகளைச் சிறு கூட்டங்களுக்குப் பிரித்து வைத்தல்.
- நாள் 40: ராணிகள் வெளிவருதல்.
- நாள் 45 முதல் 50 வரை: இணைவதற்காகப் பறத்தல். இந்நாட்களில் பெட்டியைத் திறக்க வேண்டாம்.
- நாள் 55: முட்டை இருக்கிறதா என்று பார்த்தல்.

படி 5: புது ராணியைச் சோதியுங்கள்

ராணியை மாற்றிய மறு வாரமே உண்ணியை எண்ணிப் பயனில்லை. அங்கே இருப்பவை பழைய ராணியின் மகள்கள். அவர்களில் கடைசித் தேனீ வெளிவர 21 நாளும், அவர்கள் வாழ்ந்து முடிய மேலும் ஐந்தாறு வாரமும் ஆகும். இரண்டு மாதத்துக்குப் பின்பு கிடைக்கும் எண்ணிக்கையே புது ராணியின் மதிப்பெண்.

இடைப்பட்ட காலத்தில் எந்தக் கூட்டமாவது 3 சதவீதத்தைத் தாண்டினால் சிகிச்சை கொடுங்கள். ஆக்ஸாலிக் அமிலம் வெளியே உள்ள உண்ணியை மட்டும் கொல்லும். ஃபார்மிக் அமிலம் மூடிய அறைக்குள்ளும் ஊடுருவும், ஆனால் கடும் வெயில் காலத்தில் ராணிக்கும் புழுக்களுக்கும் கேடு செய்யும். சிகிச்சை பெற்ற பெட்டி அந்த ஆண்டு தாய்ப் பெட்டியாகத் தகுதி பெறாது என்று பதிவேட்டில் சிவப்பு மையில் குறியுங்கள்.

பதிவேடும் பக்கத்துப் பண்ணையும்

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ராணியின் பிறந்த மாதம், அவள் தாயின் பெட்டி எண், ஒவ்வொரு மாத உண்ணிக் கணக்கு, ஊசிச் சோதனை மதிப்பெண்கள், தேன் அளவு, கொடுத்த சிகிச்சை ஆகியவை போதும். எந்தத் தாயின் மகள்கள் தொடர்ந்து நல்ல கணக்குக் காட்டுகிறார்கள் என்பது இரண்டாம் ஆண்டில் தெளிவாகும். முதல் ஆண்டில் பெரிய மாற்றம் தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம். சிகிச்சை தேவைப்படும் பெட்டிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்பதே சரியான அளவுகோல்.

சோதித்துத் தேறிய ராணிகளில் சிலவற்றைப் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குக் கொடுங்கள். உங்கள் ராணிகள் இணையப் போவது அவர்களின் ஆண் தேனீக்களுடனும்தான். ஒரு வட்டாரத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே மாதத்தில் எண்ணி, சிறந்த தாய்களின் புழுக்களைப் பகிர்ந்துகொண்டால், தனி ஒருவரால் பல ஆண்டுகளில் செய்ய முடியாததை அந்த வட்டாரம் சில ஆண்டுகளில் சாதித்துவிடும்.